காலேஜ் பாஸ்கெட்பால் கேம்ப்: முதல் ரெண்டு வாரம் கிரவுண்ட் ரவுண்டா, கோர்ட்டா?

அழகர்கோயில் ரோடு கார்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு ஆர்ட்ஸ் காலேஜ், மூணாவது வருஷம், பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டு போயி ஆட்டத்தை நடத்துற ஆளு). இந்த வருஷம் என்னைக் கேப்டனாப் போட்டிருக்காங்க. ஜூன் கடைசியில காலேஜ் தொறக்குது, ஆகஸ்ட்ல இன்டர் காலேஜ் ஆரம்பிச்சுரும்னு பேச்சு. நடுவுல ஆறு வாரம்கூட முழுசாக் கையில இல்ல. புதுசா வந்திருக்க பி.டி. சார் அத்லெடிக்ஸ் ஆளு. "பாஸ்கெட்பால்ல எனக்கு ரூல்ஸ் தெரியும், அவ்வளவுதான். கேம்ப் பிளானை நீயே எழுதிக் கொண்டா, பாத்துட்டு கையெழுத்துப் போடுறேன்"னுட்டார்.

போன வருஷக் கேம்ப் எப்படின்னா, காலையில கிரவுண்டைச் சுத்தி ரவுண்டு, முடிச்ச கையோட கோர்ட்ல சூசைடு (ஒவ்வொரு கோடாத் தொட்டுத் தொட்டுத் திரும்பி ஓடுற ஓட்டம்). எவனாவது லேட்டா வந்தா அத்தனை பேருக்கும் எக்ஸ்ட்ரா சூசைடு. முதல் வாரம் பந்தைக் கண்ணாலயே பாக்கல. ரெண்டாவது வாரம் பாதிப் பேரு முன்னங்கால் எலும்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டானுக. ஃபர்ஸ்ட் இயர்ல நல்லா ஏறிக் குதிக்கிற பையன் ஒருத்தன் கேம்ப்புக்கே முழுக்குப் போட்டுட்டு வாலிபால் பக்கம் போயிட்டான்.

கோர்ட் சிமெண்ட். காலையில 6 முதல் 7.45, சாயங்காலம் 4.30 முதல் 6.30. மொத்தம் 15 பேரு. ஜிம்முன்னு சொல்லிக்க ரெண்டு பார், கொஞ்சம் பிளேட். முதல் ரெண்டு வாரத்துல என்ன வைக்கலாம், எதை வைக்கவே கூடாது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழைய சென்டர்

தம்பி, வாழ்த்துகள். ஆனா ஓடாம என்னப்பா வெளாட்டு? நாங்க 90கள்ல தல்லாகுளத்துல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் ஓடுவோம். ஆனைமலை அடிவாரத்துல தண்ணி குடிச்சுட்டுத் திரும்ப ஓட்டம். ஷூவெல்லாம் வெறும் கேன்வாஸ். நாலாவது குவார்ட்டர்ல எதிராளி இடுப்புல கையை வச்சு நிக்கும்போது நாங்க பிரஸ் போடுவோம், எதிராளியை விடாம நெருக்கிப் பிடிப்போம். அந்த மூச்சு ரோட்டுல ஓடி வந்தது. உங்க ஆளுகளுக்கு முட்டி வலி, முதுகு வலின்னு ஆயிரம் நொட்டை. முதல் வாரம் ரவுண்டு வைங்க. நிக்கிறவன் நிக்கட்டும், போறவன் போகட்டும். அதுவே ஒரு செலக்‌ஷன்.

பிசியோ நாகமலை

அண்ணே, உங்க காலத்து ஸ்டாமினாவை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா நீங்க ஓடுனது வருஷம் முழுக்க. இந்தப் பசங்க ஏப்ரல்ல செமஸ்டர் முடிச்சு ரெண்டு மாசம் வீட்டுல கிடந்துட்டு, ஜூன் கடைசியில ஒரே நாள்ல சிமெண்ட் மேல ஏறுறாங்க. நுரையீரலும் இதயமும் ரெண்டு மூணு வாரத்துல தேறிரும். எலும்பும் தசைநாரும் அந்த வேகத்துல தேறாது. மூச்சு நல்லாயிருக்கேன்னு பையன் அழுத்தி ஓடுவான், கால் கேக்காது. முன்னங்கால் வலி வர்றது பெரும்பாலும் இப்படித்தான்.

கேப்டன் தம்பி ஒரு விஷயம் கத்து வச்சுக்கிடணும். வலின்னு ஒருத்தன் வந்தா, கணுக்காலுக்கு மேல உள்பக்க எலும்போரத்தை விரலால அழுத்திப் பாரு. நாலஞ்சு விரல் நீளத்துக்குப் பரவலா வலிச்சா, ஓட்டத்தையும் குதிப்பையும் குறைச்சு ஐஸ் வச்சாலே பெரும்பாலும் அடங்கிரும். காசு அகலத்துக்கு ஒரே இடத்துல சுருக்குன்னு குத்தி, ராத்திரி படுத்த பிறகும் வலிச்சா அவனைக் கோர்ட்ல இறக்கக் கூடாது. எலும்புல மயிரிழை விரிசலா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். "ஸ்பிரே அடிச்சுட்டு ஆடு"ன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காத.

ரெண்டாவது, குதிப்பை எண்ணு. ஆஸ்திரேலிய லீக் ஆட்டக்காரங்களை வச்சு 1995ல வந்த ஒரு ஆய்வுல, ஒரு ஆளு ஒரு மேட்ச்ல சுமார் 45 தடவை குதிக்கிறார்னு கணக்கு. நம்ம கேம்ப்ல லே-அப் டிரில் (ஓடி வந்து ரிங்குக்குக் கிட்ட குதிச்சுப் போடுறது), ரீபவுண்ட் டிரில் (ரிங்குல பட்டு வர்ற பந்தை எடுக்கிறது), பெஞ்ச் ஜம்ப் எல்லாம் சேர்ந்தா அதைப்போல மூணு மடங்கு சாதாரணமாப் போயிரும். தனியா ஜம்ப் பயிற்சின்னு வச்சா, புதுசா வர்றவங்களுக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 100 தடவை பாதம் தரையில படுறதோட நிறுத்திக்க. வாரத்துக்கு ரெண்டு வேளை போதும், அதுவும் அடுத்தடுத்த நாள்ல வேணாம்.

மூணாவது, இறங்குறது. முதல் வாரம் இதை மட்டும் சொல்லிக் குடுத்தாலே பாதிக் காயம் குறையும்னு நான் நம்புறேன். கேலரியோட கீழ்ப்படி உயரம் போதும். படியில இருந்து ஒரு காலை முன்னால நீட்டி அப்படியே இறங்கி, ரெண்டு காலும் சேர்ந்து தரையில படணும். முன்பாதம் முதல்ல, பிறகு குதிகால். இடுப்பு பின்னால போகணும், முட்டி பாதத்துக்கு நேரா இருக்கணும். எதிர்ல ஒருத்தன் உக்காந்து முட்டியை மட்டும் பாக்கட்டும். ரெண்டு முட்டியும் உள்பக்கமா ஒண்ணை ஒண்ணு பாத்து மடங்குதா? அந்தப் பையன்தான் சீசன் நடுவுல முட்டி ஜவ்வு கிழிஞ்சு படுக்க வாய்ப்பு அதிகம் உள்ளவன். இன்னொண்ணு, தொப்புன்னு சத்தம் கேட்டா திரும்ப ஏறச் சொல்லு. சத்தமில்லாம இறங்கப் பழகுனதுக்கு அப்புறம்தான் ரீபவுண்ட் டிரில்.

ஹாஸ்டல் ஃபார்வர்ட்

அண்ணே, சூசைடு வேணும் வேணாம்னு யாராவது ஒரு முடிவு சொல்லுங்க. எங்க காலேஜ்லயும் இதே கதைதான். ஓ.டி. (கிளாசுக்குப் பதிலா ஆடப் போக அனுமதி) கேக்கப் போனா ஹெச்.ஓ.டி. முறைக்கிறாரு, கிரவுண்டுக்கு வந்தா சூசைடு முறைக்குது.

அழகர்கோயில் ரோடு கார்டு

நான் உக்காந்து கணக்குப் போட்டேன். கோர்ட் நீளம் 28 மீட்டர். பேஸ் லைன்ல இருந்து ஃப்ரீ த்ரோ லைன் 5.8, சென்டர் லைன் 14, அந்தப் பக்க ஃப்ரீ த்ரோ லைன் 22.2, அப்புறம் முழுக் கோர்ட் 28. ஒவ்வொண்ணையும் தொட்டுத் திரும்புனா ஒரு சூசைடுக்கு 140 மீட்டர், ஏழு திருப்பம். போன வருஷம் ஒரு வேளைக்குப் பதினஞ்சு போட்டிருக்கோம். ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, நூத்துச் சொச்சம் திருப்பம், எல்லாம் சிமெண்ட்ல. கால் என்னத்துக்கு ஆகும்?

பேங்க் டீம் பையன்

இப்பதான் சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க தம்பி. நான் காலேஜ் முடிச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு வந்தவன், இன்னும் ஆடிக்கிட்டிருக்கேன். சூசைடு கெட்டது இல்ல. தண்டனையா வைக்கிறதுதான் கெட்டது. நல்லா ஓடுறவனுக்கு ஒண்ணு முப்பது செகண்ட் பிடிக்கும். முழு வேகத்துல ஒண்ணு, ஒண்ணரை நிமிஷம் மூச்சு வாங்கி அடுத்தது. இப்படி நாலு, அஞ்சோட நிறுத்துனா அது பயிற்சி. பதினஞ்சை விடாம ஓடச் சொன்னா மூணாவதுக்கு மேல எவனும் வேகமா ஓட மாட்டான். காலை இழுத்துக்கிட்டுக் கோட்டைத் தொடாமலே திரும்புவான். மெதுவா ஓடவும் கோட்டை ஏமாத்தவும் நீங்களே பழக்கி விடுறீங்க.

பிசியோ சார் சொன்ன அதே ஆய்வுல இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஆளு ஒரு மேட்ச்ல சுமார் ஆயிரம் தடவை அசைவை மாத்துறார். நிக்கிறது, நடக்கிறது, ஸ்லைடு (பக்கவாட்டுல நகர்றது), ஸ்பிரிண்ட், குதிப்பு எல்லாம் சேர்த்து. சராசரியா ரெண்டு செகண்டுக்கு ஒரு மாத்தம். ஒரே சீராப் பத்து ரவுண்டு ஓடுறதுல இது எங்க வருது? ரோட்டு ஓட்டத்துல பழைய சென்டர் அண்ணனுக்கு மூச்சு வந்திருக்கும், சரி. ஆனா பிரஸ் போட்ட காலு கோர்ட்ல வந்ததுதான்ணே.

அதனால பந்தோடயே ஓட வைங்க. 15 பேரு இருக்கீங்கள்ல, லெவன் மேன் பிரேக் அளவெடுத்துத் தைச்ச மாதிரி வரும். மூணு பேரு அட்டாக், எதிர்ப் பக்கம் ரெண்டு டிஃபன்ஸ். ரீபவுண்ட் எடுத்தவன் அவுட்லெட்டுக்கு, அதாவது ஓரத்துல பந்து வாங்க நிக்கிறவனுக்குப் போட்டு, மூணு பேரா அந்தப் பக்கம் பாயணும், அங்க ரெண்டு டிஃபன்ஸ் காத்திருக்கும். பத்து நிமிஷம் நிக்காம ஓடுனா எவனுக்கும் தனியா ரவுண்டு தேவைப்படாது. ஓடுறோம்னே தெரியாது, முடிஞ்சதும் தரையில விழுவானுக.

அடுத்தது குளோஸ் அவுட், பந்து வாங்குனவனை ஓடிப் போயி மறிக்கிறது. ரிங்குக்குக் கீழ நிக்கிறவன் பந்தை விங்குல (கோர்ட்டோட பக்கவாட்டுல) நிக்கிறவனுக்கு உருட்டி விட்டுட்டு, அதே பந்துக்குப் பின்னால பாயணும். முக்கால்வாசித் தூரம் முழு வேகம். கடைசி ரெண்டு மூணு அடி இருக்கும்போது காலடியைச் சின்னச் சின்னதா வெட்டணும், இடுப்பு இறங்கணும், ஒரு கை பந்து உயரத்துக்கு ஏறணும், பின்னங்கால்ல பாரம் இருக்கணும். நம்ம பசங்க என்ன பண்ணுவாங்க? நேரா ஓடிப் போயி எதிராளி நெஞ்சுல மோதுவாங்க, இல்லேன்னா பம்ப் ஃபேக்குக்கு (ஷூட் பண்ற மாதிரி ஏமாத்துறதுக்கு) ஆகாயத்துல பறப்பாங்க. ஒரு குவார்ட்டர்ல அஞ்சாவது டீம் ஃபவுல்ல இருந்து ஷூட் பண்ணாதவனுக்கும் ரெண்டு ஃப்ரீ த்ரோ. நாங்க தோத்த பல மேட்ச் இந்த ரெண்டடியிலதான் போச்சு.

ஃப்ரீ த்ரோவைக் கடைசியில வரிசையா நின்னு போடாதீங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல ரெண்டு ரெண்டாப் போடுங்க, மூச்சிரைக்கும்போதே. மேட்ச்லயும் அப்படித்தான் போட வேண்டியிருக்கும்.

பழைய சென்டர்

அளவெடுத்துத் தைச்சதோ தைக்காததோ, மனசு திடம்னு ஒண்ணு இருக்குல்ல? கஷ்டப்படாம வளர்ற டீம் அஞ்சு பாயிண்ட் பின்னால போனா தலையைத் தொங்கப் போட்டுரும். அதை எந்த ஆய்வுல எண்ணுவீங்க? அங்குட்டும் இங்குட்டும் ஆளைத் தாங்கிக்கிட்டே இருந்தா கோப்பை வராது.

லேடீஸ் டீம் கோச்

பழைய சென்டர் சார் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. எங்க பிள்ளைகளையும் நான் தாங்குறது கிடையாது. ஆனா கஷ்டத்தை எப்ப குடுக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு சார். முதல் ரெண்டு வாரம் மதுரையில வெயிலே போதுமான கஷ்டம். கத்திரி முடிஞ்சாலும் ஜூன்ல பகல் வெயில் சாதாரணமா 37, 38 டிகிரி வரும். சாயங்காலம் நாலரைக்கு சிமெண்ட் கோர்ட் இன்னும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். ஷூ வழியாவே சூடு ஏறும். உடம்பு வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினாலு நாள் வேணும். இந்த நாள்கள்ல வேர்வை சீக்கிரம் வர ஆரம்பிக்கும், ரத்தத்துல நீர் அளவு கூடும், அதே வேலைக்கு நெஞ்சுத் துடிப்பு குறையும். அது வரைக்கும் சாயங்கால வேளையை அஞ்சு மணிக்குத் தள்ளுங்க. முதல் நாலு நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. ஏ.சி. ரூம்லயே கிடந்துட்டு நேரா வர்ற பசங்களைத் தனியாக் கவனிங்க.

நாங்க ஒரு எடை மெஷின் வச்சிருக்கோம். பிராக்டீசுக்கு முன்னால ஒரு தடவை, முடிஞ்சு முகம் துடைச்சுட்டு ஒரு தடவை ஏறணும். ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்குன்னு அர்த்தம். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ குறைஞ்சா அது ரெண்டு சதவீதம். அந்த அளவுக்குப் போனாலே கால் தளரும், முடிவெடுக்கிறது மந்தமாகும். பாஸ் தப்பாப் போறது சோம்பேறித்தனம்னு திட்டுறோம், பாதி நேரம் அது தாகம். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எலுமிச்சை பிழிஞ்சுக்கலாம். நீர்மோரும் நல்லது. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி இடைவேளை, யாரும் கேக்கத் தேவையில்லாம. "தண்ணி கேட்டா ஒரு ரவுண்டு"ங்கிற வழக்கம் எங்க இருந்தாலும் ஒழியணும்.

பெண் பிள்ளைகள் டீம் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "இவளுக்கு ஸ்டாமினாவே இல்ல"ன்னு நாம ஒதுக்குற பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருக்கலாம். கேம்ப் தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ரத்தம் பாத்துருங்க. எங்க டீம்ல ரெண்டாவது ரவுண்டுலயே மூச்சு வாங்கி உக்காந்த ஒரு பிள்ளை, மாத்திரையும் சாப்பாடும் சரியான பிறகு நாலு குவார்ட்டரும் வெளிய வராம ஆடுச்சு. முட்டி ஜவ்வுக் காயமும் பெண்களுக்கு ஆண்களை விட ரெண்டு மூணு மடங்கு அதிகம். அதனால பிசியோ சார் சொன்ன இறங்குற பயிற்சி எங்களுக்குத் தினமும் வார்ம் அப்லயே உண்டு.

மேலூர் அம்மா

நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். என் மகள் இந்த வருஷம் காலேஜ் சேருறா, ஸ்கூல் டீம்ல ஆடுனவ. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தள்ளுனா முடிய ஏழாகுமே, மேலூர் பஸ் பிடிச்சு வீடு வர எட்டரை ஆகிடும். அவ அப்பா இப்பவே "படிக்கப் போறாளா பந்தடிக்கப் போறாளா"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. காலையில மட்டும் விட்டா டீம்ல எடுப்பாங்களா?

லேடீஸ் டீம் கோச்

அம்மா, முதல் வாரமே பி.டி. மேடத்தை நேர்ல வந்து பாருங்க, அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ஒரே பக்கம் போற பிள்ளைகளைச் சேர்த்து மாட்டுத்தாவணி வரைக்கும் ஒண்ணா அனுப்புற ஏற்பாடு நிறைய காலேஜ்ல இருக்கு. காலையில மட்டும் வந்தா ஷூட்டிங்கும் ஃபிட்னசும் நடக்கும், ஆனா டீமா ஆடுறது சாயங்காலம்தான். வாரத்துல மூணு சாயங்காலமாவது விடுங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு, ஃபீஸ் சலுகை இருக்கான்னும் கேளுங்க. அப்பாவுக்கு அது ஒரு பதிலா இருக்கும்.

ஹவுஸ் சர்ஜன்

பெரிய ஆஸ்பத்திரியில டியூட்டி பாக்குறேன், காலேஜ்ல நானும் ஆடுனவன். பழைய சென்டர் அண்ணன் "நிக்கிறவன் நிக்கட்டும்"னு சொன்னாரே, அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

ரெண்டு மாசம் சும்மா இருந்த பையனை முதல் நாளே நூத்துக்கணக்குல ஸ்குவாட், தவளைக் குதி, சூசைடுன்னு போட்டு எடுத்தா, தசை உடைஞ்சு அதுல இருக்கிற புரதம் ரத்தத்துல கலந்து கிட்னியை அடைச்சுரும். அடுத்த நாளோ அதுக்கு மறுநாளோ தொடை கல்லு மாதிரி வீங்கும், சிறுநீர் கடுங்காபி நிறத்துல வரும். அதைப் பாத்துட்டு "சூடு பிடிச்சிருக்கு, இளநீர் குடி"ன்னு விட்டுடாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி. தாமதிச்சா டயாலிசிஸ் வரைக்கும் போகலாம். சீசனுக்கு முன்னாடிக் கேம்ப்போட முதல் வாரம்தான் இதுக்குப் பேர் போன நேரம், வெளிநாட்டுக் காலேஜ் டீம்கள்லயும் கூட்டம் கூட்டமா நடந்திருக்கு.

இன்னொண்ணு வெயில் தாக்கு. ஆளு உளர்றான், தள்ளாடுறான், கூப்பிட்டா புரியாம பாக்குறான்னா அது வெறும் மயக்கம் இல்ல. 108க்குப் போன் போடுற அதே நேரம் குளுமைப்படுத்த ஆரம்பிங்க, வண்டிக்காகக் காத்திருக்காதீங்க. நிழலுக்குத் தூக்கிட்டுப் போயி, சட்டை ஷூவைக் கழட்டி, பெரிய டப்புல ஐஸ் தண்ணியில கழுத்து வரைக்கும் உக்கார வைக்கணும், தலையைப் பிடிச்சுக்க ஆள் வேணும். டப் இல்லேன்னா ஹோஸ் பைப்பால விடாம நனைச்சு, ஈரத் துண்டு மாத்தி மாத்திப் போட்டு விசிறணும். நினைவு சரியில்லாதவன் வாயில தண்ணி ஊத்தக் கூடாது. கேம்ப் நடக்கிற நாள்ல ரெண்டு ஐஸ் பாரும் ஒரு பெரிய டப்பும் பக்கத்துல இருந்தா போதும், பெரிய செலவு இல்ல. காய்ச்சல் அடிச்சு எழுந்த பையனை ரெண்டு மூணு நாள் விட்டுத்தான் இறக்கணும்.

ஹாஸ்டல் ஃபார்வர்ட்

கடுங்காபி மேட்டரைப் படிச்சுட்டு எங்க ரூம்ல நாலு பேரு பாத்ரூம் போயிட்டு நிம்மதியா வந்தோம் 😅

சாப்பாட்டுக்கு வருவோம். மெஸ்ல காலையில எட்டு மணிக்குத்தான் பொங்கல், இட்லி. ஆறு மணிக்கு வெறும் வயித்துல போறோம். சாயங்காலம் முடிஞ்சா பசங்க ஜிகர்தண்டா குடிக்கக் கிளம்பிர்றானுக. பவுடர் வாங்கணுமாண்ணே? டப்பா விலையைப் பாத்தா தலை சுத்துது.

பேங்க் டீம் பையன்

பவுடர் வேணாம் தம்பி, அந்தக் காசுல ஷூ வாங்கு. அடிப்பக்கம் தேஞ்ச ஷூதான் காலுக்கு எமன். ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம்னு வச்சா, 65 கிலோ பையனுக்கு ஒரு நாளைக்கு 104 கிராம். முட்டை ஒண்ணுல 6 கிராம். நூறு கிராம் காஞ்ச கொண்டைக்கடலையில கிட்டத்தட்ட 20, நிலக்கடலையில 25. ராத்திரி ஊறப் போட்டு மெஸ் அண்ணன்கிட்ட அவிச்சுத் தரச் சொல்லுங்க, டீம் மொத்தமாக் கேட்டா செய்வாரு. ஆறு மணிக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வாழைப்பழம். ஜிகர்தண்டா ஞாயித்துக்கிழமை.

ஓய்வு பத்தி யாரும் சொல்லல. அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பால்ல, டிவிஷன் ஒண்ணுலகூட, சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம், நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல பயிற்சி வைக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. வாரத்துல ஒரு நாள் கட்டாய ஓய்வு. நம்ம தம்பியோட டைம் டேபிளைக் கூட்டிப் பாருங்க, ஒரு நாளைக்கு மூணே முக்கா மணி நேரம். ஏழு நாளும் வச்சா 26 மணி நேரத்தைத் தாண்டுது. அவ்வளவு வசதி, டாக்டர், டிரெயினர் வச்சிருக்கிறவனே 20ல நிறுத்துறான். செவ்வாய், வியாழன் ஒரு வேளை மட்டும் வச்சு, ஞாயிறு முழு லீவு விடுங்க.

பழைய சென்டர்

டாக்டர் தம்பி சொன்னதுக்கு மறுப்பு இல்ல. எங்க காலத்துலயும் விழுந்தவன் உண்டு, அதைப் பெருமையாச் சொல்ல மாட்டோம், அம்புட்டுதான். ஆனா ரவுண்டை மொத்தமா எடுக்காதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை, மண் கிரவுண்டுல, பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல முப்பது நிமிஷம். சீனியர், ஜூனியர் எல்லாம் கூட்டமா ஓடும்போதுதான் ஒருத்தனுக்கு ஒருத்தன் பழகும். இதுக்காச்சும் பிசியோ ஒத்துக்கிடுவாரா?

அப்புறம் நீங்க எல்லாரும் மறந்த ஒண்ணு. ஜூலை பாதியில ஆடி பொறந்துரும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், பந்து எம்மாத்திரம்? வெளிக் கோர்ட்ல 6.75 மீட்டர்ல இருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்டு ரிங்கைத் தொடாமலே போகும். மேற்குக் காத்து, மதியத்துக்கு மேல வலுக்கும். அதனால வெளி ஷூட்டிங் எல்லாம் காலை வேளையில வைங்க. சாயங்காலம் போஸ்ட் மூவ் (ரிங்குக்குக் கிட்ட முதுகு காட்டி ஆடுறது), லே-அப், போர்டுல அடிச்சுப் போடுற ஷாட்டு. காத்துல ஷூட்டிங் போட்டா பையன் கையை மாத்திக்கிடுவான், பிறகு இன்டோர்ல போயி முழிப்பான். எங்க டீம்ல ஒரு நல்ல ஷூட்டரு இப்படித்தான் கெட்டான்.

பிசியோ நாகமலை

மண் கிரவுண்டுல வாரம் ஒரு தடவை, பேசிக்கிட்டே ஓடுற வேகம்னா எனக்கு முழுச் சம்மதம்ணே. காத்து விஷயம் நானே யோசிச்சது இல்ல.

மட்டுறுத்துநர்

"எந்தக் காலேஜ் கேம்ப்ல பையன் விழுந்தான்"னு பேரோட வந்த ரெண்டு பதிவை நீக்கியிருக்கோம். காலேஜ் பேரு, பி.டி. பேரு போட்டுச் சண்டை வேண்டாம். பயிற்சியைப் பத்திப் பேசுங்க.

சிந்தெடிக் கனவு

மழை பெஞ்சா என்ன செய்வீங்க? எங்க கோர்ட்ல சாயங்காலம் இடி இடிச்சாலே அன்னைக்குக் கேம்ப் காலி. போன தடவை ஈரத்துல ஆடி ஒருத்தன் வழுக்கி மணிக்கட்டு உடைஞ்சுச்சு. வழவழன்னு பூசுன சிமெண்ட் வேற.

லேடீஸ் டீம் கோச்

ஈரக் கோர்ட்ல ஒரு நிமிஷம்கூட வேண்டாம், இடி கேட்டா கிரவுண்டையே காலி பண்ணணும். மழை நாளுக்குன்னு தனியா ஒரு பிளான் வச்சிருங்க. கிளாஸ் ரூம் ஒண்ணு கேட்டு வாங்கி, போர்டுல ஜோன் அஃபென்ஸ் (இடம் பிரிச்சுக் காக்குற டிஃபன்ஸை உடைக்கிற ஆட்டம்) வரைஞ்சு நடந்தே காட்டலாம். விதிகள் சொல்லிக் குடுக்கலாம். ரிங்குல பட்டு வந்த பந்தை அட்டாக் டீமே திரும்ப எடுத்தா அடுத்த ஷாட்டுக்கு 24 இல்ல, 14 செகண்ட்தான்னு பாதிப் பிள்ளைகளுக்கு மேட்ச்ல விசில் ஊதுன பிறகுதான் தெரியுது. காஞ்ச நாள்லயும் தூசி வழுக்கும். ஆடுறதுக்கு முன்னாடி கோர்ட்டைக் கூட்டி, ஓரத்துல ஈரச் சாக்கு ஒண்ணு போட்டு வச்சா ஷூவைத் துடைச்சுட்டு இறங்கலாம்.

அழகர்கோயில் ரோடு கார்டு

எல்லாருக்கும் நன்றி. சார்கிட்ட குடுக்க எழுதியிருக்கேன், ஓட்டை இருந்தா சொல்லுங்க.

முதல் வாரம் காலை வேளை, சாயங்காலம் மூணு நாள் மட்டும், அதுவும் அஞ்சு மணிக்கு மேல ஒரு மணி நேரம். இறங்குற பயிற்சி, ஸ்லைடு, குளோஸ் அவுட், ஷூட்டிங். சூசைடு இல்ல. ரெண்டாவது வாரம் லெவன் மேன் பிரேக், முழுக் கோர்ட் மூணுக்கு மூணு, வாரத்துக்கு ரெண்டு தடவை நாலு நாலு சூசைடு நல்ல இடைவெளி விட்டு, நடுவுல ஃப்ரீ த்ரோ. சனிக்கிழமை காலையில பழைய சென்டர் அண்ணன் ஓட்டம், அண்ணனும் வந்தா சந்தோஷம். அழகர்கோயில் ஆடித் தேர் அன்னைக்கு எங்க ரோட்டுல கூட்டம் தாங்காது, அன்னைக்கு லீவு. லேட்டா வர்றவனுக்குத் தண்டனை ஓட்டம் இல்ல, பந்து பை தூக்கணும், கோர்ட் கூட்டணும். ஐஸும் டப்பும் கேன்டீன்ல சொல்லியாச்சு. எடை மெஷின் எங்க வீட்டுல இருந்து கொண்டு வர்றேன்.

பேங்க் டீம் பையன்

நல்லா இருக்கு. மூணாவது வாரத்துல இருந்து ஒரு பிராக்டீஸ் மேட்ச் பிடிங்க, ரேஸ் கோர்ஸ் பக்கம் ஆடுற சீனியர் ஆளுகளைக் கேட்டா வருவாங்க, நல்லா இடிச்சு ஆடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு, உங்க ரிங் உயரத்தை டேப் வச்சு அளந்தீங்களா? 3.05 இருக்கணும். வெளிக் கோர்ட்ல பசங்க தொங்கித் தொங்கி முன்பக்கம் சாஞ்சிருக்கும்.

அழகர்கோயில் ரோடு கார்டு

அளந்துட்டு வந்துட்டேண்ணே. ஹாஸ்டல் பக்க ரிங் சரியா இருக்கு, ரோட்டுப் பக்கத்து ரிங் முன்னால நாலு விரக்கடை இறங்கியிருக்கு. போல்ட் துருப்பிடிச்சு நகரவே மாட்டேங்குது. வெல்டிங் ஆளு நாளைக்கு வர்றேன்னுருக்காரு, ஏணிதான் கிடைக்கல. ஈ.பி. ஆபீஸ்ல கேட்டா தருவாங்களா?

பழைய சென்டர்

ஈ.பி.யில நாயா அலைய விடுவாய்ங்க. பந்தல் போடுறவங்ககிட்ட கேளு. ஆடிக்கு முன்னால எல்லாருகிட்டயும் ஏணி சும்மாதான் கிடக்கும். சனிக்கிழமை எத்தனை மணிக்குன்னு சொல்லு, ஷூ வாங்கணும்.